லினக்ஸும் ராமலிங்கத்து உளுந்தும்

கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. கடவுச்சொல் கேட்டது.

"கேக்குதுங்க" என்றேன்.

என் கணவர் சவரிநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இடது ஆள்காட்டி விரல் எஃப் பொத்தானைத் தேடியது. வலது விரல் ஜே பொத்தானை. இரண்டிலும் சின்னதாக ஒரு மேடு உண்டு. கண் தெரிந்தவர்கள் ஆயுசுக்கும் கவனிக்காத மேடு. விரல்கள் அங்கே உட்கார்ந்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. படபடவென்று பத்து எழுத்து அடித்தார்.

திரையில் ஒன்றும் விழவில்லை. ஒரு எழுத்து இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"நில்லுங்க, நில்லுங்க. பொட்டி கெட்டுப்போச்சு போலருக்கு."

"ஏன், என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலைங்க."

"எனக்கும்தான் தெரியலை. நான் அடிக்கலையா? என்டரைத் தட்டறேன், பாரு."

தட்டினார். அது மறுபேச்சு பேசாமல் ஏற்றுக்கொண்டது. வரிவரியாக என்னென்னவோ ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் கடவுச்சொல்லைத் திரையில் காட்டுவதில்லையாம். பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆனால் பக்கத்தில் இருந்தவள் நான். எனக்குத் திரை வேண்டியதில்லை. அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர், ஏ, எம், ஏ என்று போய் எம்மில் முடிந்தது. ராமலிங்கம். "மறக்காத பேரா வைக்கணும்னு சொல்றாங்க, அவன் பேரை வச்சிட்டேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

ராமலிங்கம் அவருடைய உயிர் நண்பர். அவர் இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. சவரிநாதனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லவில்லை.

குப்புறப் படுத்த மாதம்

சர்க்கரை அவருடைய இடது கண்ணை முன்னமே எடுத்துக்கொண்டுவிட்டது. புரட்டாசிக் கடைசியில் வலது கண்ணுக்குப் புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். கண்ணுக்குள் ஒரு காற்றை அடைத்துவிடுவார்கள். அது உள்ளே இருந்து விழித்திரையைப் பிடித்துக்கொள்கிற வரைக்கும் இராப்பகலாகக் குப்புறப் படுக்க வேண்டும். சாப்பாடுகூடத் தலையைக் குனிந்தபடிதான்.

"இருமக் கூடாது, முக்கக் கூடாது. முக்கியமா அழவே கூடாது" என்றார் டாக்டரம்மா.

"ஜெசிந்தா டீச்சரைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே அழுது முடிச்சாச்சு டாக்டர்" என்று இவர் தலையணைக்குள்ளிருந்து பதில் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். நாலாம் நாள் காலையில் போன் வந்தது. ராமலிங்கத்தின் மனைவி வசந்தா. எங்கள் காரைக்காலின் எல்லையில் இருக்கும் தன் ஊரான பூவத்தில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன மனிதர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம். தூக்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. வராந்தாவுக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டேன். அழுகைக்கு நடுவில் வசந்தாவே சொன்னாள்.

"அண்ணன்கிட்ட இப்ப சொல்லிப்புடாதீங்கக்கா. கண்ணு போயிரும். அவுரே இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு."

தாலியை இழந்து ஒரு மணி நேரம்கூட ஆகாதவள் என் புருஷனின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டாள்.

உள்ளே வந்தேன். "யாரு போன்ல?" என்றார். "பாப்பாதான்" என்றேன். திருச்சியில் இருக்கும் எங்கள் மகளைச் சொன்னேன். அதுதான் முதல் பொய்.

காற்று கரைந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். காற்று கரைந்தபோது அந்தக் கண்ணிலும் வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம் என்று தெரிந்தது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? பொங்கல் கழியட்டும் என்றேன். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முடியட்டும் என்றேன். தள்ளிப்போட்ட செய்தி தயிர் மாதிரி. நாளாக ஆகப் புளிப்புத்தான் ஏறும்.

பழைய ஆபீஸ் ஆட்களிடம் சொல்லிவைத்தேன். இவர் போன் போட்டால் ராமலிங்கத்தின் எண் அணைந்து கிடந்தது. "பெங்களூருல மகன் வீட்டுக்குப் போயிருக்காரு, நம்பர் மாத்திட்டாராம்" என்றேன்.

பங்குனி வந்தது. சம்பா அறுத்த ஈரத்தில் விதைத்த உளுந்தை வருஷம் தவறாமல் ஒரு பையில் கட்டிக்கொண்டு டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்குவார் ராமலிங்கம். அந்த வருஷம் நான் மளிகைக் கடையில் உளுந்து வாங்கி ஒரு மஞ்சள் பையில் கொட்டி, "வசந்தா குடுத்துவிட்டா" என்றேன். மறுநாள் தோசையை வாயில் வைத்தவர் கொஞ்ச நேரம் மென்றார்.

"என்னடி இது, அவன் உளுந்து பொங்கிக்கிட்டுல்ல வரும்?"

"மழை தப்பிப்போச்சாம் இந்த வருஷம்" என்றேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல்.

கமா, புல்ஸ்டாப், பாரா

இந்த இரண்டு பேருடைய சிநேகிதத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருவரும் ஒரே நாளில் ஒரே அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவர்கள். இவர் டவுன் கோயில் தெரு கத்தோலிக்கப் பிள்ளை. அவர் பூவத்து நெல் வயல். இருபத்தெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை.

அந்த அலுவலகத்துப் பழைய ரெக்கார்டு ரூமில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தட்டச்சுப் பொறி ஒன்று கிடந்ததாம். அதில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். மதியச் சாப்பாட்டு வேளையில் அதில் யார் தப்பில்லாமல் அடிப்பது என்று இரண்டு பேரும் டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். ராமலிங்கம்தான் ஜெயிப்பார் என்று ராமலிங்கம் சொல்வார். இவர் அதை மறுத்தே தீருவார்.

அந்தக் காலத்து ஆபீஸ்களில் ஒரு வழக்கம். முக்கியமான காகிதம் எதுவானாலும் அடித்து முடித்ததும் ஒப்புப் பார்க்க வேண்டும். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் அடித்ததில் விரல் வைத்துக்கொண்டே வருவார். கமா, புல்ஸ்டாப், பாரா என்று குறிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காகிதத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும். தட்டச்சு செய்தவர், ஒப்பு நோக்கியவர். முதல் வரியில் இவர் கையெழுத்து, இரண்டாவதில் ராமலிங்கத்தின் கையெழுத்து. அவர் அடித்தது என்றால் மாற்றி.

எங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட அச்சுக்குப் போகும் முன்னால் ராமலிங்கம் இப்படித்தான் படித்துப் பார்த்தாராம். "செல்வி ஜெசிந்தா கமா பி.ஏ. புல்ஸ்டாப்" என்று. நான் இவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னைக் "கமா தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டார்.

டீச்சர் வரி விடுகிறாள்

கண் போனபின் பேப்பரும் வாரப் பத்திரிகையும் படித்துக் காட்டுவது என் வேலையாயிற்று.

முப்பது வருஷம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன ஒரே மந்திரம் "வரி விடாம படி". அப்பேர்ப்பட்டவள் வீட்டில் வரி வரியாக விட்டேன். தொடர்கதையில் மழை வந்தால் விட்டேன், மலை வந்தால் விட்டேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது இலக்கியம் எங்கே படிப்பது? பேப்பரில் மரண அறிவிப்பு வரும் பக்கத்தை மட்டும் எப்போதும் மடித்து உள்ளே தள்ளிவிடுவேன்.

அவர் லேசுப்பட்டவர் இல்லை. "இந்த பாரா இவ்வளவு சின்னதாவா இருக்கும்?" என்பார். பிறகு ஒருநாள், "ஆஸ்பத்திரிக்குப் போன நாள்லேர்ந்து வந்த பேப்பரையெல்லாம் எடைக்குப் போடாம வச்சிரு. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் நான் முழுசா படிப்பேன்" என்றார்.

வைத்தேன். கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில். நாங்கள் ஊரில் இல்லாத நாட்களின் பேப்பரைப் பக்கத்து வீட்டில் எடுத்து வைத்திருந்தார்கள். அதில் மேலேயிருந்து ஐந்தாவதில், கடைசிப் பக்கத்தில், கட்டம் கட்டி ராமலிங்கம் இருந்தார். சட்டைப் பையில் பேனாவோடு.

ஒருநாள் மத்தியானம் அந்தத் தாளை மட்டும் உருவி அடுப்படி வரைக்கும் கொண்டுபோனேன். அந்தப் பேனாவைப் பார்த்ததும் கை வரவில்லை. திரும்பவும் அதே இடத்தில் செருகினேன்.

பக்கத்து ஊர் ரேஷன் கார்டு

இப்படி இருக்கும்போதுதான் ஃபாத்திமா லினக்ஸைக் கொண்டுவந்தாள்.

ஃபாத்திமா கடைத்தெருவில் டிடிபி கடை வைத்திருப்பவள். அவளுடைய மகன் என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்தவன். எங்கள் மகளின் பழைய லேப்டாப் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, அதில் லினக்ஸ் போட்டுத் தந்தாள். பேட்டரி செத்த பெட்டி, வயரைச் செருகியிருந்தால்தான் ஓடும். தன் கடையில் சும்மா கிடந்த ஸ்கேனர் ஒன்றையும் கொடுத்தாள்.

"அச்சடிச்ச தாளை இதுல வச்சா தமிழைப் படிச்சு வாய்விட்டுச் சொல்ற சாஃப்ட்வேர் இருக்கு டீச்சர். சார் யாரையும் எதிர்பார்க்க வேணாம்."

போனிலேயே இதெல்லாம் உண்டே என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தோம். வழவழவென்ற கண்ணாடியில் அவர் விரலுக்குப் பிடிமானம் இல்லை. கீபோர்டைத் தொட்டதும்தான் மனிதருக்கு உயிர் வந்தது.

சாஃப்ட்வேரை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று ரோஷமாகச் சொல்லிவிட்டேன். நெட்டில் தேடி ஒன்றை இறக்கினேன். இரண்டு முறை தட்டினேன். எதைக் கொண்டு இதைத் திறப்பது என்று பெட்டி என்னையே கேட்டது. மறுபடியும் இறக்கினேன். நாலாம் தடவை ஃபாத்திமாவுக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், அது விண்டோஸுக்கு உள்ளது. இங்க ஓடாது."

எனக்கு உடனே புரிந்தது. தமிழ்நாட்டு ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காரைக்கால் ரேஷன் கடையில் நீட்டுகிற கதை. பூவத்தைத் தாண்டினால் தமிழ்நாடு; அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம். அதே அரிசி, அதே தமிழ். ஆனாலும் செல்லாது.

"நீங்க எங்கயும் தேடி அலைய வேணாம். லினக்ஸுக்குன்னு ஒரு கிடங்கு இருக்கு. பேரைச் சொன்னாப் போதும். அதுவே எடுத்தாந்து, வைக்க வேண்டிய இடத்துல வச்சுக் குடுக்கும்" என்றாள் ஃபாத்திமா.

அச்சுப் பிழையாகிப்போன கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தாள். முதல் வரி சூடோ ஆப்ட் அப்டேட். சூடோ என்றால் வீட்டுக்கு உடையவர் உத்தரவு என்று அர்த்தமாம். ஆப்ட் என்பது கிடங்குக்குப் போய்வரும் ஆள். அப்டேட் என்றால் கிடங்கில் இன்றைக்கு என்ன சரக்கு இருக்கிறது என்று பட்டியலைப் புதுப்பித்துக்கொள்.

ஃபேன் ஓடுதே

வைகாசி மாத மத்தியானம். கதவைச் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன், அவர் அடித்தார்.

"எஸ். யூ. டி. ஓ. இடம் விடுங்க. ஏ. பி. டி. இடம் விடுங்க."

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லாதடி. வார்த்தையா சொல்லு."

அப்போதுதான் முதலில் சொன்ன கடவுச்சொல் காட்சி நடந்தது. அவர் விரலில் ராமலிங்கம் பெயர் ஓடி முடிய, எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அடுத்த வரியில் மூன்று சாஃப்ட்வேர்களின் பெயரைக் கேட்டோம். பெட்டி யோசித்துவிட்டு, மூன்றோடு சேர்த்து இன்னும் முப்பத்தெட்டு வரும், தொடரலாமா என்று கேட்டது. சம்பந்தி வீட்டில் மூன்று பேரைக் கூப்பிட்டால் வேன் பிடித்துக்கொண்டு வந்து இறங்குவார்களே, அதுபோல.

"முப்பத்தெட்டு பேராங்க. வேணாம்னு சொல்லிடவா?"

"ஒண்ணு ஒண்ணோட துணையில்லாம ஓடாதுடி. வரட்டும். ஒய் அடிக்கிறேன்."

அடித்தார். சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. நான் அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது, நாற்பத்தி மூணு. அவர் நாற்காலியில் சாய்ந்து கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

"இது பேச ஆரம்பிச்சதும் முதல் வேலை என்ன தெரியுமா? கட்டிலுக்கடியில இருக்குல்ல, அந்தக் கட்டை எடு. முதல் நாள்லேர்ந்து வரிசையாப் படிக்கப்போறேன். அப்புறம் ராமலிங்கம் மகன் நம்பரை எப்புடியாச்சும் புடிக்கணும். படிச்சுட்டேன்டான்னு அவன்கிட்ட சொல்லணும்."

அறுபத்தொன்று என்று திரை சொன்னது. நான் குனிந்து சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினேன்.

வேண்டுமென்று செய்தேனா என்று கேட்டால், ஆமாம், வேண்டுமென்றுதான். ஏழு மாதம் இருட்டில் உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கிடைக்கவிருந்த ஒரே சந்தோஷத்தைப் பாதியில் பிடுங்கினேன்.

"கரண்ட்டு போயிருச்சுங்க."

அவர் முகத்தை அண்ணாந்தார்.

"ஃபேன் ஓடுதே" என்றார்.

"வயர் கழண்டிருக்கும்" என்றேன். அவர் பெட்டியின் மூடியைத் தடவிச் சாத்தினார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பாதியில் நின்ற இடம்

மறுநாள் பெட்டியைத் திறந்து கேட்டால், வேலை பாதியில் தடைப்பட்டுவிட்டது, நீங்களே சரிசெய்ய வேண்டும் என்று நீளமாக ஏதோ சொன்னது. அதை ஒரு தாளில் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு ஃபாத்திமா கடைக்குப் போனேன்.

அவள் கம்ப்யூட்டரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஓரம் கட்டிக்கொண்டிருந்தாள். என் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"இது ஒண்ணுமில்ல டீச்சர். பாதியில நின்னுபோச்சுன்னா எந்த இடத்துல நின்னுதுன்னு அது குறிச்சு வச்சிருக்கும். மிச்சத்தையும் முடின்னு ஒரே ஒரு வரி சொன்னாப் போதும். முடிக்காம வேற எதையும் அது போட விடாது." எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "வீட்ல கரண்ட் போச்சா? எங்க தெருவுல போகலையே?"

அவள் கடை ஸ்டூல் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன்; அதைச் சொல்லி அவள் என்னைப் பிறகு கேலி செய்வதுண்டு. அழுகையைத் துடைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் சொன்னேன். ராமலிங்கம், வசந்தா, உளுந்து, வயர்.

அவள் திட்டவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"மௌத்தை மறைச்சது சாரோட கண்ணுக்காக. அது சரிதான் டீச்சர். ஆனா போனவருக்கும் ஒரு பாத்தியதை இருக்குல்ல? அவருக்காக துஆ கேக்கற ஆளுல ஒருத்தரை நீங்க குறைச்சுட்டீங்களே. சாரு உங்க கோயில்ல ஒரு பூசை வச்சிருப்பாருல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. கார்த்திகைக்கு முன்னால் கல்லறைத் திருநாள் வந்து போயிருந்தது. செத்துப்போன தன் அப்பா, அம்மா, அக்கா எல்லாருக்கும் ஒவ்வொரு மெழுகுவத்தி என்று எண்ணி என்னை ஏற்றச் சொன்னார். ராமலிங்கத்துக்கு ஒன்று நான் வாங்கி, அவருக்குத் தெரியாமல் ஓரமாக வைத்தேன். அவர் கையால் அல்லவா அது எரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அந்த ஒரு வரியைச் சொன்னேன். அவர் அடித்தார், கடவுச்சொல்லையும் அடித்தார். விட்ட இடத்திலிருந்து எல்லாம் மளமளவென்று முடிந்தது. ஃபாத்திமா ஒருநாள் வந்து எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் கட்டிவிட்டுப் போனாள். தாளை வைத்துப் பொத்தானைத் தட்டினால் ஸ்கேனர் முனகும், பிறகு பெட்டி பேசும். நிறுத்த வேண்டுமென்றால் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

முதலில் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை வைத்தோம். ஜலதோஷம் பிடித்த ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒரு ஆண்குரல் படித்தது. சவரிநாதன் கையைத் தூக்கினார். "இன்னொரு வாட்டி" என்றார். குழந்தைபோல மூன்று தடவை கேட்டார். பிறகு திரும்பினார்.

"ஏய், இந்தக் கதைல மழை பெய்யுதா?"

"எப்பவாச்சும் பெய்யும்."

"அந்தப் பொண்ணு காவேரி போன மாசமே செத்துப்போயிட்டாளாமே! நேத்து வரைக்கும் நீ அவளை இட்டிலி சுட வச்சிருந்தியே?"

சாவை அவர் காதில் போட மனசு வராமல் நான் அவளை நாலு வாரமாக உயிரோடு வைத்திருந்தேன். இவர் விழுந்து விழுந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, கட்டை எடு" என்றார்.

ஐந்தாவது பேப்பர்

பேப்பர் ஸ்கேனரைவிடப் பெரியது. நாலாக மடித்து ஒவ்வொரு மடிப்பாக வைக்க வேண்டும். அந்த மடிப்பெல்லாம் என் கையில் இருந்தது. நினைத்திருந்தால் ஒரு மடிப்பை வைக்காமல் தாண்டியிருக்கலாம். அவருக்குத் தெரியவே தெரியாது.

நாலு நாள் பேப்பர் முடிந்தது. ஐந்தாவதை எடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் போய், கடைசிப் பக்கத்தின் கடைசி மடிப்புக்கு வந்தேன். வைத்தேன். மூடியை மூடினேன். பொத்தானை அவர் தட்டினார்.

பெட்டி முதலில் ஒரு ஜவுளிக் கடை விளம்பரத்தைப் படித்தது. பட்டுச் சேலைகளுக்குத் தள்ளுபடி என்றது. அதே குரலில், அதே வேகத்தில், "கண்ணீர் அஞ்சலி. பூவம்" என்றது.

கண்ட்ரோலையும் சி-யையும் அழுத்திவிட்டேன். என் கணவருக்கு ராமலிங்கத்தின் சாவைத் தள்ளுபடிச் சேலையோடு சேர்த்து ஒரு பெட்டி சொல்லக் கூடாது.

"ஏன் நிறுத்தினே?"

"நான் படிக்கிறேங்க."

தாளை எடுத்தேன். பெயர், வயது, ஊர், எந்த ஆபீஸில் எத்தனை வருஷம், எந்த நாள், எந்த நேரம், எங்கே அடக்கம், யார் யார் துயரத்தோடு. ஒரு வரி விடாமல் படித்தேன்.

ஸ்கேனர் விளக்கு அணைந்தது. வாசலில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள்.

"என்னைக்குப் பேப்பர்?"

சொன்னேன்.

"அன்னைக்கு நான் குப்புறப் படுத்திருந்தேன்."

"ஆமாங்க."

"பாப்பா போன் பண்ணுனான்னியே, அதுவா?"

"ஆமா."

பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"உளுந்து?"

"கடையில வாங்கினது" என்றேன்.

அப்போதுதான் அழுதார். டாக்டரம்மா போட்ட தடை எப்போதோ முடிந்துபோயிருந்தது. நான் தொட்ட கையைத் தட்டிவிட்டார். முப்பத்தாறு வருஷத்தில் அவர் என் கையைத் தட்டிவிட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு வேண்டியதுதான் என்று இருந்துகொண்டேன்.

கீழே இருந்த இரண்டு வரி

இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. பெட்டியோடு மட்டும் பேசினார். மடிப்பு மடிப்பாகத் தானே தடவி வைத்து, தலைகீழாக வைத்து, திருப்பி வைத்து, கட்டைப் படித்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிட்டார். தட்டை எடுத்தால் விட்டார். தானே தடம் பிடித்து அடுத்த தெருக் கோயிலுக்குப் போய் ராமலிங்கம் பேரில் ஒரு பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலையில் கீபோர்டு சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்து, கல்யாணமான புதிதில் ஆபீஸ் ஜன்னல் வழியாக நான் பார்த்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். தமிழ் தட்டச்சு ஃபாத்திமா முன்னமே அதில் வைத்துக் கொடுத்திருந்தாள்.

"ஜெசி, இஞ்ச வா" என்றார்.

இரண்டு நாளில் முதல் வார்த்தை. போனேன்.

"வசந்தாவுக்கு ஒரு லெட்டர். ஒப்புப் பார்க்கணும். படி."

"பொட்டியே படிக்குமேங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"மெஷினு படிச்சா ஒப்புப் பார்த்ததா ஆவாது. ஆளு படிக்கணும். கமா, புல்ஸ்டாப் விடாத."

திரையைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன்.

"அன்புள்ள வசந்தா கமா. உங்கள் துக்கத்துக்கு எட்டு மாதம் பிந்தி வருகிறேன் புல்ஸ்டாப். எனக்கு இப்போதுதான் தெரியும் புல்ஸ்டாப். பாரா. என் கண்ணுக்காக நீங்கள் இரண்டு பேரும் இத்தனை நாள் இதை..."

நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்தினே? வரி விடாம படி டீச்சர்."

"...இதைச் சுமந்திருக்கிறீர்கள் புல்ஸ்டாப். ஜெசிந்தா கடையில் உளுந்து வாங்கி நீங்கள் கொடுத்ததாகச் சொன்னாள் புல்ஸ்டாப். அது பொங்கவே இல்லை கமா. ஆனாலும் அவனுடையது என்று நினைத்துத்தான் சாப்பிட்டேன் புல்ஸ்டாப். பாரா. அவள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது கமா. அது ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்ந்துவிடும் புல்ஸ்டாப். அன்றைக்கு இருவரும் பூவத்துக்கு வருகிறோம் புல்ஸ்டாப்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதை அவர் கேட்டிருப்பார்.

"பிழை இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"கீழே இன்னும் இருக்குல்ல, அதையும் படி."

இருந்தது. கடிதத்தின் அடியில், ஆபீஸ் வழக்கப்படி, இரண்டு வரி. தட்டச்சு செய்தவர் என்று போட்டு அவர் பெயர். அதற்குக் கீழே ஒப்பு நோக்கியவர் என்று போட்டு, வெறுமனே இடம் விட்டிருந்தார்.

"அதுல நீ கையெழுத்துப் போடணும்" என்றார். "போட்டாத்தான் லெட்டர் செல்லும்."

இருபத்தெட்டு வருஷம் அந்த இடத்தில் ஒரே ஒரு ஆள்தான் போட்டிருந்தார். ஃபாத்திமா கடையில் அச்சடித்து வாங்கிக்கொண்டு, அங்கேயே அவளிடம் பேனா வாங்கி, போட்டேன்.